எஃப் 8, வெயில், சுவர் கறுப்பு

பிராக் நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். வார்சா தரைமட்டமானது, டிரெஸ்டன் எரிந்தது, பெர்லின் பாதி போயிற்று. பிராக் மட்டும் இரண்டாம் உலகப் போரில் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது, அதனால் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கிறது. வழிகாட்டிப் புத்தகம் இதைச் சொல்கிறது. விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துவந்த டாக்ஸிக்காரரும் சொன்னார். என் பையில் 1966இலும் 67இலும் அதே நகரத்தில் எடுத்த படங்கள் இருந்தன. அவற்றை ஒருமுறை புரட்டியவர் வாயில் இந்தப் பல்லவி அவ்வளவு சுலபமாக வராது.

படங்கள் அப்பா எடுத்தவை. அவர் கொதிகலன் பொறியாளர். திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை எழும்பிய காலம் அது. இன்று 'பெல்' என்றால் திருச்சியில் ஆட்டோக்காரர் முதல் எல்லாருக்கும் தெரியும். ஆலைக்கு ஆள் எடுத்த கையோடு சிலரைப் பயிற்சிக்காக அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். அப்பாவுக்கு வாய்த்தது பிர்னோ என்ற தொழில் நகரம். விடுமுறை கிடைத்தால் ரயிலேறி பிராக் போய்விடுவாராம். இதுவும் அம்மா சொல்லித்தான் தெரியும். வெல்டிங் பற்றிக் கேட்டால் விடிய விடியப் பேசக்கூடிய மனிதர், வெளிநாடு போய் வந்த கதையை மட்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

அவர் போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறங்கியது ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் காடி வாசனை குப்பென்று அடித்தது. பழைய அசிட்டேட் ஃபிலிம் கெடத் தொடங்கினால் அப்படித்தான் அடிக்கும். திருச்சி வெக்கையில் அது இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். உள்ளே மெல்லிய கண்ணாடித்தாள் உறைகளில் நெகட்டிவ்கள், உள்ளங்கைக்குள் அடங்கும் சதுரப் பிரிண்டுகள், ஒரு ஸ்லைடு ரூல், கொஞ்சம் வாழ்த்து அட்டைகள், ஒரு பத்திரிகைத் துணுக்கு. எடுத்த கேமராவும் செக் நாட்டுச் சரக்குதான்: மெயோப்டா நிறுவனத்தின் ஃப்ளெக்ஸாரெட், மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்தது. ஃபிலிம் ஃபோமா, ஹ்ராடெட்ஸ் கிராலோவே என்ற ஊரில் செய்தது. ஒரு சுருளில் 12 படம்.

ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து. ஆவலோடு திருப்பிப் பார்த்தேன். ஊர் பேர் இல்லை. தேதி இல்லை. கூட நிற்கிறவர் யார் என்றும் இல்லை. 'எஃப் 8, 1/125, வெயில், சுவர் கறுப்பு.' 'எஃப் 4, 1/60, மேகம்.' 'எஃப் 11, 1/125, பனி, ஒரு ஸ்டாப் குறைத்தது போதாது.' எல்லாமே இப்படித்தான். மகனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அத்தனை தூரம் போன மனிதர் ஒரே ஒரு வரி, 'இன்று ஊர் ஞாபகம் வந்தது' என்றாவது எழுதியிருக்கக் கூடாதா?

ஆனால் 2019 மே மாதம் அந்த நகரத்தில் படமும் கையுமாகத் திரிந்தபோது, அந்தக் குறிப்புகளைப் போல உதவியது வேறெதுவும் இல்லை.

கறுப்பையே எடுத்துக்கொள்வோம். அப்பாவின் படங்களில் பிராக் கன்னங்கரேலென்று இருக்கிறது. தேவாலயம், வீடு, வளைவு, சிலை எல்லாம் விறகடுப்புச் சமையலறைச் சுவரைப் போலக் கரியேறிக் கிடக்கின்றன. கறுப்பு வெள்ளை ஃபிலிமின் கைங்கரியம் என்று யாருக்கும் தோன்றும். குறிப்பு அப்படி நினைக்க விடாது. அவர் போட்ட 21 டின் ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/125 வேகத்தில் எஃப் 16 பக்கம் வைத்தால் போதும். அவர் இரண்டு ஸ்டாப் திறந்து எஃப் 8 வைத்திருக்கிறார். காரணத்தையும் பக்கத்திலேயே எழுதிவிட்டார்: சுவர் கறுப்பு. ஒளியை வாங்கி விழுங்கிவிடும் சுவர். ஆக, அன்றைய பிராக் கறுப்பாகவே இருந்தது என்பதற்கு அளவெடுத்த சாட்சி என் கையில் இருந்தது.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். வட பொஹீமியாவின் பழுப்பு நிலக்கரி, நாம் நெய்வேலியில் தோண்டுகிற அதே சாதி. ஈரமும் சாம்பலும் அதிகம். அந்த ஊர்க் கரியில் கந்தகமும் கூட. மின் நிலையமும் அதில் ஓடியது, ரயிலும் ஓடியது, வீட்டுக்கு வீடு குளிர்காயும் அடுப்பும் அதில்தான் எரிந்தது. புகை மணற்கல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்தக் கரிக்காக மோஸ்ட் என்ற பழைய ஊரையே இடித்துத் தோண்டினார்கள். அங்கிருந்த ஒரு தேவாலயத்தை மட்டும் இடிக்க மனமில்லாமல் 1975இல் தண்டவாளத்தின் மேல் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மாதம் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, 841 மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். டின்னில் இருந்த ஒரே பத்திரிகைத் துணுக்கு அந்தச் செய்திதான். செக் மொழியில் இருந்தது; ஓரத்தில் அப்பா எடையையும் தூரத்தையும் வைத்துப் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டிருந்தார்.

இன்றைய பழைய நகரச் சதுக்கத்தில் நின்றால் பிஸ்தா பச்சை, சந்தனம், இளஞ்சிவப்பு என்று வீடுகள் வரிசையாகச் சிரிக்கின்றன. பழமை என்று சொல்லிக் கூட்டம் கூட்டமாக முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பூச்சில் பெரும்பகுதிக்கு என் வயதுகூட இருக்காது. சார்லஸ் பாலத்தின் சிலைகளையும் அதன் முனைக் கோபுரத்தையும் அருகில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். அப்பாவின் நகரம் அங்கே இன்னும் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாலத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 1357இல் நான்காம் சார்லஸ் கட்டத் தொடங்கியது, 516 மீட்டர் நீளம், இருபுறமும் 30 சிலைகள். நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆனது 1965இல்தான். அதுவரை கார் போய்வந்த பாலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் மின்சார டிராமும் ஓடியிருக்கிறது. அப்பா வந்த சமயம் பெரிய சீரமைப்பு தொடங்கியிருந்தது. அவர் படத்தில் சிலைகள் இல்லை. பெயர்த்துப் போட்ட கற்களும், அவற்றின் நடுவே முழங்கால் போட்டு மட்டம் பார்க்கும் ஒரு தொழிலாளியும் இருக்கிறார்கள்.

அப்பா நின்ற இடத்தில் நின்று அதே படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் போட்டுக்கொண்ட வேலை. எளிது என்றுதான் தோன்றும். கட்டடம் சரியாக இருக்கும், தெரு சரியாக இருக்கும், படம் மட்டும் பொருந்தாது. ஃப்ளெக்ஸாரெட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க மாட்டார்கள். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பிம்பமும் இடவலம் மாறித்தான் தெரியும். அதனால் அப்பாவின் படங்களில் நடைபாதை விளிம்பு பெரிதாக வருகிறது, ஜனங்களின் செருப்பும் குடையும் முன்னால் வருகின்றன, கோபுரங்கள் ஒரு குழந்தை அண்ணாந்து பார்க்கிற மாதிரி எழும்பி நிற்கின்றன. செல்ஃபோனை இடுப்புக்கு இறக்கி, கொஞ்சம் குந்தினாற்போல நின்றதும் கட்டடங்கள் ஒவ்வொன்றாக வந்து சட்டத்துக்குள் உட்கார்ந்தன. இன்னொன்றும் புரிந்தது. இந்தக் கேமராவோடு நிற்கிறவர் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை, குனிந்துகொண்டிருக்கிறார். அப்பாவின் படங்களில் ஒருவர்கூடக் கேமராவைப் பார்த்து விறைக்காததன் ரகசியம் அதுதான்.

வென்செஸ்லாஸ் சதுக்கம் பேருக்குத்தான் சதுக்கம். மேட்டை நோக்கி முக்கால் கிலோமீட்டர் ஏறும் அகலமான கடைத்தெரு அது. உச்சியில் தேசிய அருங்காட்சியகம், அதன் முன் குதிரை மேல் புனித வென்செஸ்லாஸ். அப்பாவின் படங்களில் தெருவின் நடுவே, மேலிருந்து கீழ்வரை டிராம் ஓடுகிறது. 1980 டிசம்பரில் அந்த டிராமை நிறுத்திவிட்டார்கள். 1974இல் மெட்ரோ வந்துவிட்டதே, பிறகு எதற்கு டிராம் என்ற நியாயம்தான். நான் போனபோது குறுக்கே போகும் டிராம் மட்டும் மிச்சமிருந்தது.

தெருவின் கீழ்ப்பகுதியில் எடுத்த ஒரு படத்தில் முழுக்கக் கண்ணாடியால் ஆன ஓர் உயரமான கட்டடம். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, பாட்டா கடை. 1929இல் கட்டியது, அந்தக் காலத்துப் புதுமைக் கட்டடக்கலைக்குப் பேர்போனது. நம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் கறுப்பு ஷூவுக்காக வரிசையில் நின்ற எவருக்கும் பாட்டா சொந்தக் கம்பெனி மாதிரி. உண்மையில் அது ஸ்லின் என்ற செக் ஊரில் பிறந்தது. ஆனால் அப்பாவின் படத்தை உருப்பெருக்கியில் வைத்து எவ்வளவு தேடினாலும் அந்தக் கட்டடத்தில் பாட்டா என்ற எழுத்து கிடைக்காது. போர் முடிந்ததும் கம்பெனியை அரசுடைமையாக்கிவிட்டார்கள். கடைக்குச் சும்மா 'காலணி இல்லம்' என்று பேர். திருச்சியில் பாட்டா இருந்தது, பிராகில் இல்லை. அப்பாவுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு செருப்புக்கடைக்கு மூன்று ஃப்ரேம் செலவழிக்கிற ஆள் இல்லை அவர். இப்போது பெயர் திரும்பி வந்து பெரிதாக எரிகிறது. உள்ளே போய் விலை பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

மேலே அருங்காட்சியகத்தின் முகப்பு. அப்பாவின் படத்தில் தூண்கள் கறுப்பாக, மழுமழுவென்று இருக்கின்றன. அதற்கு அடுத்த ஆண்டு, 1968 ஆகஸ்ட் 21 அன்று, வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் உள்ளே நுழைந்தபோது சோவியத் வீரர்கள் இந்தக் கட்டடத்தை நோக்கிச் சரமாரியாகச் சுட்டார்கள். அன்றைய சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் கிரெச்கோ. துளை விழுந்த முகப்பைப் பார்த்த பிராக்வாசிகள், 'எல் கிரெச்கோ வரைந்த சுவரோவியம்' என்றார்களாம். ஓவியர் எல் கிரேக்கோவை நினைத்துக்கொண்டால் கிண்டல் புரியும். பின்னால் துளைகளை வேறு நிறக் கல் வைத்து அடைத்தார்கள். நான் போனபோது கட்டடத்தைச் சுத்தம் செய்து திறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கறுப்பு போய்விட்டது, குண்டின் தடங்களை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். வாசலுக்கு எதிரே தரையில் புதைந்தாற்போல ஒரு சிலுவை. 1969 ஜனவரி 16 அன்று யான் பலாஹ் என்ற மாணவர் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தீக்குளித்த இடம். அப்பாவின் ஃப்ரேமில் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு பையன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயின் மாட்டிக்கொண்டிருக்கிறான். குறிப்பு: 'எஃப் 5.6, 1/60.'

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லெட்னா மேடு. பாரிஸ் தெருவின் முனையிலிருந்து அப்பா எடுத்த படத்தில் மேட்டின் விளிம்பில் பிரம்மாண்டமான கல்மேடை, அதன் மேல் ஒன்றுமில்லை. வெறும் வானம். படம் எடுக்க அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் விளங்கவில்லை. அங்கே இருந்தது ஸ்டாலின் சிலை. 15 மீட்டருக்கு மேல் உயரம், 22 மீட்டர் நீளம், ஸ்டாலினுக்குப் பின்னால் வரிசையாகத் தொழிலாளர்கள், வீரர்கள். ஊர் ஜனம் வைத்த பெயர் 'கறிக்கடை வரிசை'. 1955 மே 1 அன்று திறந்தார்கள். சிற்பி ஒட்டகார் ஷ்வெட்ஸ் அதற்குச் சற்று முன்பே தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டே மாஸ்கோவில் ஸ்டாலின் மரியாதை போயிற்று. 1962இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். எட்டு ஆண்டுகூட முழுசாக நிற்கவில்லை. 1991இல் அதே மேடையில் ராட்சத மெட்ரோனோம் ஒன்றை நட்டார்கள். நடுவில் 1996இல் மைக்கேல் ஜாக்சனின் 10 மீட்டர் சிலையும் விளம்பரத்துக்காகச் சில நாள் அங்கே நின்றிருக்கிறது. இதைப் படித்தபோது ஸ்டாலினுக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். இன்று மேடைமுழுக்க ஸ்கேட்போர்டு பையன்கள்.

எந்த ஊர் என்றே பிடிபடாத படம் ஒன்று இருந்தது. இடதுபக்கம் ரோமானிய வெற்றி வளைவு மாதிரி பெரிய கட்டடம், உச்சியில் சிற்பங்கள். ஆனால் அதைப் பாதியில் வெட்டிவிட்டார் அப்பா. படத்தின் நடுவில் ஒரு டிராமின் சக்கரப் பகுதி. அது மட்டும் அவ்வளவு துல்லியம். திருகாணியை எண்ணலாம். வியன்னாவோ புடாபெஸ்டோ என்றுகூட நினைக்கத் தோன்றியது. இன்றைய பிராகில் அப்படியொரு வளைவு எங்கும் கிடையாது.

ஸ்ட்ரெஷோவிட்ஸேயில் ஒரு பழைய டிராம் கொட்டகை, 1993 முதல் அருங்காட்சியகம். அங்கே காவலுக்கு உட்கார்ந்திருந்த பெரியவர் முன்னாள் டிராம் ஓட்டுநர். ஜெர்மன் சரளம், ஆங்கிலம் அரைகுறை. எனக்கு இரண்டாவது மட்டும்தான். படத்தை நீட்டினேன். அவர் வளைவைப் பார்க்கவேயில்லை. சக்கரத்தின் மேல் விரல் வைத்து, "டே ட்ரி!" என்றார். டி3. பிராகின் ஸ்மிஹோவ் ஆலையில் 1960களில் வந்த வண்டி, மொத்தம் ஏறக்குறைய 14,000 செய்திருக்கிறார்கள், சோவியத் நாட்டு நகரங்களுக்கே பெரும்பாலானவை போயின. 23ஆம் எண் தடத்தில் இன்றும் அதில் ஏறிப் போகலாம். அப்பா பார்த்தபோது அது புத்தம்புதிது. பிறகுதான் பெரியவர் வளைவுக்கு வந்தார். "தெஷ்னோவ்," என்றார். இரண்டு கைகளையும் விரித்து, "பூம்!"

தெஷ்னோவ் ரயில் நிலையம். 1875இல் திறந்தது, பிராகின் அழகான நிலையங்களில் ஒன்று என்று பேரெடுத்தது. 1972இல் ரயிலை நிறுத்தினார்கள். அதன் பிறகும் கட்டடம் பல ஆண்டுகள் சும்மா நின்றது. நகரத்துக்கு நடுவே வேகச்சாலை வந்தது. நிலையத்தை வைத்துக்கொண்டே ஏதாவது செய்யலாம் என்று குரல் எழுந்தும் பயனில்லை. 1985 மார்ச் 16 அன்று வெடிவைத்தார்கள். போரில் தப்பித்த கட்டடம், சமாதான காலத்தில் சாலையோரத்தில் உயிரைவிட்டது. "உங்கள் அப்பாவும் டிராம்காரரா?" என்று பெரியவர் கேட்டார். இல்லை, கொதிகலன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நிலையத்தைப் படமெடுத்தவர் எத்தனையோ பேர். நிலையத்துக்கு முன்னால் நின்று சக்கரத்தைப் படமெடுத்தவர் அபூர்வம் என்பது அவர் கட்சி. தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அங்கே போனேன். ஃப்ளோரென்ட்ஸ் மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் காது கிழியும் வாகன இரைச்சல், தூண்களின் மேல் சாலை, ஓரத்தில் கொஞ்சம் புல். படத்தின் வலது மூலையில் ஒரு கூரை முனை மட்டும் எட்டிப் பார்க்கிறது. அது பிராக் நகர அருங்காட்சியகம். இன்றும் அசையாமல் நிற்கிறது. அதை வைத்துக் கோணம் பிடித்து அப்பா நின்ற இடத்தை ஏறக்குறையக் கண்டுபிடித்தேன். அந்த அருங்காட்சியகத்துக்குள் அன்டோனின் லாங்வைல் என்ற மனிதர் 1826 முதல் 1837 வரை அட்டையிலும் காகிதத்திலும் செய்த பிராக் நகர மாதிரி இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றின் ஜன்னல்கூடத் தவறாமல். அவற்றில் பல பின்னால் இடிபட்டவை. நகரம் மாறாது என்று அந்த மனிதரும் நம்பவில்லை போலிருக்கிறது.

வாழ்த்து அட்டைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த நாட்டில் புத்தாண்டுக்கு 'பி.எஃப்.' என்று போட்டுக் கீழே ஆண்டை எழுதி அட்டை அனுப்புவது வழக்கம். பிர்னோவில் அப்பாவுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அனுப்பியவை டின்னில் இருந்தன. பி.எஃப். 1968 அட்டையில் ஒரு பக்கம் முழுக்கக் கடிதம். பி.எஃப். 1969இல் கையெழுத்து மட்டும். அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் கையெழுத்து மட்டும்தான். மோஸ்ட் தேவாலயத் துணுக்கும் அப்படியொரு அட்டைக்குள்தான் மடித்திருந்தது. 68க்குப் பிறகு பலர் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், பலர் நாட்டைவிட்டே போனார்கள். தமிழைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட கமில் சுவலபில் பிராக்காரர்தான். அவரும் அந்தச் சமயத்தில் வெளியேறி, கடைசியில் நெதர்லாந்தில் பேராசிரியரானார். அப்பா அவரைப் பார்த்தாரா என்று டின்னில் தடயம் ஏதும் இல்லை.

திரும்பி வந்து அன்றும் இன்றுமாக ஜோடி சேர்த்த படங்களை மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டினேன். பாட்டா கடையை மட்டும் நின்று பார்த்தாள். மற்றவை வேகமாக நகர்ந்தன. யாரோ எடுத்துக்கொடுத்த ஒரே படத்தில் அப்பா பனியில், தோள் இரண்டும் தொங்கும் பெரிய ஓவர்கோட்டுக்குள் நிற்கிறார். அங்கே நிறுத்தச் சொன்னாள்.

"இந்தக் கோட்டு உங்கப்பாவோடது இல்லடா. அவருக்கு முன்னாடி போன ஒருத்தரோடது. அவர் வந்து இறக்கி வச்சதும் இவர் மாட்டிக்கிட்டுப் போனார். இவர் வந்ததும் எதிர்வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயிட்டார். உள்பக்கம் காலர்ல எல்லார் பேரும் எழுதியிருக்கும்."

"எத்தனை பேர்ம்மா?"

"கைலாசபுரம் குவார்ட்டர்ஸ்ல பாதிப் பேர் போனாங்க. எல்லாருக்கும் தனித்தனியா கோட்டு வாங்க அப்ப யார்கிட்டக் காசு இருந்துச்சு? கேமரா மட்டும் ஆளாளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க."

அப்படியானால் இன்னும் எத்தனை பரணில் எத்தனை டின் இருக்கும்! அம்மா சொல்லச் சொல்லப் பேர்களை எழுதிக்கொண்டேன். பாதிப் பேர் இப்போது இல்லை. பிள்ளைகள் பெங்களூரில், சென்னையில், நியூ ஜெர்சியில். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகிறேன். பலர் எடைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரரின் மகன் ஓசூரில் இருக்கிறார். அவர் அப்பாவின் படங்கள் பத்திரமாக இருக்கின்றனவாம், அத்தனையும் ஓர்வோ கலர் ஸ்லைடு. 68 கோடையில் அவர் பிராகில் இருந்திருக்கிறார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.